பென்னாகரத்தில் ஒரு S93.124A

ஆறு வருடமாகச் சென்னையில் மெடிக்கல் கோடர் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். கால்விரல் மூட்டு விலகலுக்கே எண்கள் வரிசையாக நிற்கும். ஆனால் விலகிய விரல் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பரிசலிலும் ஏறியதில்லை. இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை ஒகேனக்கல் கிளம்பினேன். தீர்ந்தது என்னவோ முதல் குறை!

காலை 9:10க்குப் பொம்மிடி ஸ்டேஷன். வாடகைக் கார், போக வர 2,800 ரூபாய். டிரைவர் முருகேசன் அண்ணன், ஏரியூர்க்காரர். வண்டி ஓட்டித்தான் குடும்பம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவார். தருமபுரி 30 கி.மீ., அங்கிருந்து பென்னாகரம் இன்னொரு 30. பென்னாகரத்தில் ஒரு சரிவில் டீக்கு நிறுத்தினோம். 11 மணிக்குக் கிளம்பும்போது, டயருக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லை வெறுங்காலால் ஓர் உதை விட்டார். கல் நகரவில்லை. விரல் நகர்ந்துவிட்டது.

வலது கால், கட்டைவிரலுக்கு அடுத்தது. பாதத்தோடு சேரும் மூட்டிலிருந்து கழன்று மேலே எழும்பி நின்றது. மனுஷன் வலியில் துடிக்கிறார். எனக்கோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரே குதூகலம். சீட்டுகளில் நான் போட்டுவந்த S93.124, சாட்சாத் அதேதான்!

“ஒண்ணுமில்லீங்க மேடம், லேசா பிசகிக்கிச்சு. எண்ணெய் போட்டு நீவுனா சரியாயிடுங்க.”

“பிரேக் மிதிக்கிற காலுண்ணா இது. விளையாடாதீங்க, வாங்க.”

டீக்கடைக்காரர் கொடுத்த ஈரத்துண்டைக் காலில் சுற்றி, 200 மீட்டர் தள்ளியிருந்த கிளினிக்குக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். எதிரில் உட்கார்ந்து விசாரித்த நர்ஸ் சீட்டு எழுதி எக்ஸ்ரேக்கு அனுப்பினார். பழக்கதோஷத்தில் சீட்டை எட்டிப் பார்த்தேன். “இடது கால்”! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் அண்ணனுடைய இடது காலை எக்ஸ்ரே மேசைமேல் வைத்துவிட்டார்கள். அதிலும் ஒரு விரல் கோணல். சின்ன வயதில் வண்டிச் சக்கரம் ஏறியதாம். அந்தப் பழைய கோணலைப் பிடித்து இழுத்திருந்தால்?

“அண்ணா, நீங்க சொல்லலையா?”

“பாத்தனுங்க. படிச்சவங்க எழுதுனத நாம எப்படிங்க தப்புன்னு சொல்றது?”

“அதுக்காக நல்ல காலைக் குடுப்பீங்களா!”

நான் போட்ட சத்தத்தில் டாக்டரே வந்துவிட்டார். “யாருங்க நீங்க, டாக்டரா?”

“இல்லீங்க சார், கோடர்.”

துண்டை அவிழ்த்துப் பார்த்தவர், சிரித்தபடி சீட்டைத் திருத்தினார். வலது காலுக்கு எக்ஸ்ரே, மரத்துப்போக ஊசி, ஓர் இழுப்பு. ‘டொக்’கென்று மூட்டு உட்கார்ந்தது. நான் கைதட்டியே விட்டேன்! விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, மூன்று வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்றார் டாக்டர். காரை எடுத்துப் போக ஏரியூரிலிருந்து அண்ணனுடைய தம்பி வந்தார். ஒகேனக்கலுக்கு இன்னும் 16 கி.மீ. இருந்தது, ஆனால் நேரமாகிவிட்டதால் நான் தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

நம் பேச்சில் மூட்டு விலகினாலும் பிசகுதான், எழுத்து தவறினாலும் பிசகுதான். முதல் பிசகு நமக்கே தெரிந்துவிடும், வலிக்கும். இரண்டாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: காலில் ஷூ இருக்கட்டும். அடிபட்டால் நீவ விடாதீர்கள். சீட்டில் வலமா இடமா என்று பாருங்கள், தப்பென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பஸ் ஏறுமுன் என் எண் புராணத்தைக் கேட்டு அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம். “என் வெரலுக்குத் தனி நம்பருங்களா! கடைசில எதுக்குங்க அந்த A?”

“முதல்ல வைத்தியம் பாக்கறதுக்கு A. ஆறிட்டு வரும்போது மறுபடி காட்டப் போனா D.”

கட்டுப் போட்ட விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “அப்ப D-க்கு வந்துருங்க மேடம். பரிசலு பாக்காமயே போறீங்களே.”