வலிக்காத இடம்

கூடலூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ஒச்சாண்டிக்கு, 2004ஆம் ஆண்டு கோடையில் இடது மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல வீங்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சட்டை உரசி வலித்தது. வெட்கத்தில் அந்த வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டே வண்டி ஓட்டினான். புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்த மனைவி உமாதேவிதான் அவனைத் தேனிக்கு ஸ்கேன் எடுக்க இழுத்துப்போனாள்.

மார்பில் பசை தடவிக் கருவியை ஓட்டிப் பார்த்த டாக்டரம்மா, "பயப்படாதீங்க, கட்டி இல்ல. சுரப்பிதான் வளந்திருக்கு" என்றார். நிம்மதியாகச் சட்டையை எடுத்தவனை அவர் நிறுத்தினார். "பருவ வயசு தாண்டுனப்புறம் இப்படித் திடீர்னு வீங்குனா விதைப்பையையும் பாக்கணும்."

"என்னம்மா சொல்றீக? வலி மார்லதான இருக்கு!"

கூசிப்போய் நின்றவனை உமாதேவி கையைப் பிடித்துப் படுக்கவைத்தாள்.

திரையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. வலது விதைக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. அதிலிருந்து சுரக்கும் ஹார்மோனே மார்பை வீங்கவைத்திருக்கலாம் என்றார். ஒச்சாண்டிக்கு ஒருநாள்கூட வலிக்காத இடம் அது.

மதுரையில் அந்த விதையை எடுத்தார்கள். புற்றுநோய்தான்; நல்லவேளையாக வேறெங்கும் பரவவில்லை. சில மாதங்களில் வீக்கமும் வற்றியது.

மறுபடி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தவன், கூட்டாளிகளிடம் எதையும் மறைக்கவில்லை. "மாரு வீங்கலேன்னா நான் இன்னைக்கு இங்கன நிக்க மாட்டேன்டா" என்றான். முதலில் சிரித்தவர்கள் நெருங்கி வந்து, டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டார்கள்.