ஏழு கற்களின் பட்டியல்

அந்த இடுகாட்டுப் பட்டியலை நான் முடித்தபோது அதில் ஏழு வரிகள் இருந்தன. வரிசை எண், கல் இருக்கும் இடம், கல்லின் உயரம், புகைப்பட எண், குடும்பம், சாலைக்குள் வருகிறதா இல்லையா. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே சாலையை அகலப்படுத்துகிறார்கள். அளந்து கொடுக்கும் வேலை, நான் இருக்கும் கோயமுத்தூர் நில அளவை நிறுவனத்துக்கு வந்தது. ஊரின் இடுகாடு சாலையை ஒட்டியே இருந்ததால் அதில் ஒரு கீற்று சாலைக்குப் போகும். அந்தக் கீற்றுக்குள் இருக்கும் குழிகள் பட்டியலில் இருந்தால், எலும்புகளை எடுத்து, பூசை செய்து, உள்ளே தள்ளிப் புதைப்பார்கள். பட்டியலில் இல்லாதது வெறும் மண். பொக்லைன் அள்ளிவிடும்.

ஏழு குடும்பங்கள் எப்போதோ வடக்கிலிருந்து வந்து, கள்ளிக்காட்டைத் திருத்திக் கிணறு வெட்டிக் குடியேறிய ஊர் அது. இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். வந்தபோது குடும்பத்துக்கு ஒரு கல்லை நட்டு இடம் பிடித்தார்களாம். முதல் சாவு விழுந்தபோது அந்தக் கல்லையே பெயர்த்துக் கொண்டுபோய்த் தலைமாட்டில் நட்டார்களாம். ஏழு குடும்பம், இடுகாட்டில் ஏழு கல். எண்ணிக்கை பொருந்திவிட்டது. இத்தனை தலைமுறைக்கு ஏழே குழிதானா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. மற்றவர்களை எரித்திருப்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

பட்டியல் கிராம நிர்வாக அலுவலகத்தின் சுவரில் ஒட்டப்பட்டது. ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்தார்கள். ஒருவரும் வரவில்லை. மண் வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு என் கைபேசி அடித்தது. பட்டியலின் அடியில் என் எண் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, இடுகாட்டை அளந்தது நீங்கதானுங்களே?"

ஆமாம் என்றேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண் குரல். பின்னால் கோழிகளின் இரைச்சல் கேட்டது. கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற வேலையாம். கணவர் இறந்து ஆறு வருடம். நோட்டீசைப் படித்துப் பார்த்ததாகவும் ஒன்று மட்டும் விளங்கவில்லை என்றும் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரு எத்தனாவது நம்பருங்க?"

குடும்பத்தைக் கேட்டேன். சொன்னார். அந்தக் குடும்பத்துக்கு நேரே நான்காம் எண், ஒரே கல், சாலைக்கு வெளியே. பயமில்லை அக்கா, அவர் சாலைக்குள் வரவில்லை என்றேன். அவரோ, அது மாமியாருடைய கல் என்றார். மாமியார் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதுவரை அந்தக் கல் கணவரின் தலைமாட்டில் இருந்தது. வீட்டுக்கு ஒரு கல்தான். அடுத்த சாவு விழுந்தால் கல்லைப் பிடுங்கிப் புதுக் குழியில் நட்டுவிடுவார்கள்.

நான் அளந்தது யாரை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் கடைசியாகச் செத்தவரை மட்டும்.

அங்கே போய்ச் சேரப் பன்னிரண்டாகிவிட்டது. பொக்லைன் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் அதன் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பெண்கள் இடுகாட்டுக்குள் வருவதில்லை. அளந்த நாட்களில் என்னை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். "மறுக்காவும் வந்துட்டீங்களா மேடம்? பேயெல்லாம் உங்களைப் பாத்துத்தான் பயந்து கெடக்குது" என்றார் ஓட்டுநர். நான் சொல்லும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு எடுக்கச் சொல்லி உத்தரவு, அதுவரை தனக்கொன்றுமில்லை என்றார்.

அந்த அக்கா கம்பிவேலிக்கு வெளியே நின்றிருந்தார், பண்ணையில் போடும் நீல மேல்சட்டையோடு. கணவரைப் புதைத்த இடத்தை அவர் பார்த்ததே இல்லை. பனைமரத்துக்கு வடக்கே என்று ஆண்கள் சொன்னது மட்டும் தெரியும். பனைமரத்துக்கு வடக்கே முழுவதும் சாலைக்குள் போகிற கீற்றுதான்.

மேலாளருக்குப் பேசினேன். பட்டியல் ஒப்புதலாகிவிட்டது, இப்போது மாற்றினால் தவறு நம்முடையது என்றாகும் என்றார். நம்முடையதுதான் சார், என்னுடையது என்றேன். நீண்ட பெருமூச்சுக்குப் பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். குடும்பத்து ஆண் ஒருவர் எழுதித் தர வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும், குழிகளின் இடம் அளவோடு வேண்டும். மூன்றும் மாலை ஐந்துக்குள். ஐந்துக்கு மேல் அவராலும் எதுவும் செய்ய முடியாது.

எழுதித் தர வேண்டியவர் அக்காவின் கொழுந்தனார். விசைத்தறி வைத்திருப்பவர். தறியை நிறுத்திவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். கோபம் என் மேல்தான்.

"நீங்க கல்லை எண்ணுனீங்க. கல்லு ஏழு. நாங்க ஏதாச்சும் பொய் சொன்னமுங்களா?"

இல்லை என்றேன். அவர் விளக்கினார். கல் எங்கே போகிறதோ அங்கேதான் வீட்டு ஆட்கள் எல்லோரும். கல் அம்மாவிடம் போனபோது அண்ணனும் அம்மாவிடம் போய்விட்டார். முதல் குடியேறியவர்களிலிருந்து அப்படித்தான். பழைய குழியில் ஆள் இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், இத்தனை தலைமுறையாகச் செய்தது பொய் என்றாகிவிடும். மாட்டேன் என்றார். அவர் பிடிவாதத்துக்குப் பேசவில்லை. உண்மையாகவே நம்பினார். மணி ஒன்றே முக்கால்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உங்கண்ணனுக்கு லாரி அடிச்சு, தொடையில பிளேட் வெச்சிருந்துச்சுங்களே. கல்லுகூட அவரு போயிருப்பாருங்க, நான் இல்லைங்கல. பிளேட்டு எப்படிங்க போவும்?"

கொழுந்தனார் பனைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் பேனா கேட்டார்.

இரண்டு நிபந்தனைகள் மிச்சம். இடத்தைச் சரியாகக் காட்டச் சொன்னேன். அவரால் முடியவில்லை. புதைத்த நாளில் அங்கே சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. சாலை வேலைக்காக அதையெல்லாம் வெட்டிய பிறகு, எதை வைத்து அடையாளம் சொல்வது? இங்கேதான் என்று ஒரு கை நீட்டினார், பிறகு நாலடி தள்ளி நின்று இங்கே என்றார்.

பொக்லைன் நிழலிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். முள் வெட்டிய மறுநாள் ட்ரோன் பறக்கவிட்டுத் தரையின் மேடுபள்ளம் எடுத்திருந்தேன். அறிக்கைக்காக அதை வழவழப்பாக்கி, சின்னச் சின்னப் பள்ளங்களைப் பிசிறு என்று நீக்கியிருந்தேன். நல்லவேளையாக மூல அளவுகள் அழியாமல் இருந்தன. ஐந்து சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒரு கோடு போடக் கணினிக்குச் சொன்னேன். கணினி யோசிக்கும்போது ஓட்டுநர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

பனைமரத்துக்கு வடக்கே வெறுந்தரையாக நான் கண்ட இடத்தில் நீள்வட்டங்கள் தோன்றின. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். எல்லாம் தெற்கு வடக்காக. புதைத்த மண் காலப்போக்கில் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். எண்ணினேன். பதினான்கு. இன்னொரு முறை எண்ணினேன். ஓட்டுநர் தான் நின்றிருந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார்.

பதினான்கு குழிகளின் மூலைகளிலும் ஆப்பு அடித்து அளந்தேன். எட்டிலிருந்து இருபத்தொன்று வரை புதிய வரிகள். கிராம நிர்வாக அலுவலர் நாலரைக்கு வந்தார். ஒவ்வோர் ஆப்பாக நடந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலை அனுப்பினேன்.

பதினான்கில் அவர் எது என்பது மட்டும் தெரியவில்லை. கல்லைச் சமீபத்தில் பிடுங்கி நிரப்பிய இடத்தில் மண் இன்னும் இறுகியிருக்காது என்பதால், ஒவ்வொரு தலைமாட்டிலும் கடப்பாரையை இறக்கிப் பார்த்தோம். இரண்டு இடங்களில்தான் சுலபமாக இறங்கியது. ஒன்பதிலும் பதினொன்றிலும்.

மறுநாள் விடிந்ததும் ஒன்பதைத் திறந்தார்கள். கொழுந்தனாரே இறங்கினார். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கினார். எலும்புகள் இருந்தன, மிகப் பழையவை. உலோகம் எதுவும் இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னிடம் இன்னும் ஓர் எண்தான் இருந்தது. வேலிக்கு வெளியே அக்கா முந்தைய நாள் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பதினொன்றில் மூன்றடிக்கு மேல் போயும் மண்தான் வந்தது. மேலாளரின் அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. பிறகு கொழுந்தனார் குழிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் உள்ளங்கையில் ஒரு சாண் நீளத்துக்கு எஃகுத் தகடு, திருகாணிகளோடு. மண்ணைத் துடைத்த இடத்தில் இன்னும் பளபளத்தது. அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் வேலியருகே போனேன்.

"எத்தனாவதுங்க அம்மணி?"

"பதினொண்ணுங்க அக்கா."

பதினொண்ணு என்று ஒரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, உள்ளே மாமியாரின் குழிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். தகடும் கூடவே போனது. மற்ற பதின்மூன்று பேரும் இன்னாரென்று தெரியாமலே உள்ளே போனார்கள். பட்டியலில் குடும்பம் என்கிற கட்டம் அவர்களுக்குக் காலியாகவே இருக்கிறது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு எதையாவது போட்டு நிரப்பச் சொன்னார். நான் நிரப்பவில்லை.

மண் மூடி முடிந்ததும் கொழுந்தனார் வேலிக்கு வந்தார். தயங்கித் தயங்கி, வேண்டுமானால் கல்லை அண்ணனுக்கே திருப்பி நட்டுவிடலாம், ஊரில் தான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவர் அதைச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

அக்கா பண்ணைக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கல்லு அத்தைகிட்டயே இருக்கட்டுங்க" என்றார். "அவருக்குத்தான் பிளேட்டு இருக்குதே."