இலைக்கு மேல் ஒரு கை

தேனாம்பேட்டை மெஸ்ஸில் சோற்று வாளி வரும்போது, போதும் என்பவர்கள் இலைக்கு மேல் கையை விரிப்பார்கள். எங்கள் அலுவலக டிரைவர் அண்ணனின் கை மட்டும் விரிந்து நான் பார்த்ததே இல்லை. சாம்பாருக்கு, வற்றல் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை வெள்ளைச் சோறு குவியும். 'அளவில்லாச் சாப்பாடு' என்ற போர்டை முழுசாக நம்பிய ஒரே மனிதர் இவர்தான் என்று கிண்டல் செய்வோம். சும்மா சொல்லக் கூடாது, அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கும் பசி கூடிவிடும்.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், தினம் ஒரு வேளைதான் சோறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு சொல் பிசகவில்லை. காலையில் ஆறு இட்லி, ராத்திரி நாலு தோசை, நடுவில் பசித்தால் அடையாறில் ஒரு தட்டு இடியாப்பம். "அதெல்லாம் டிபன் மேடம். சோறு ஒரு வேளதான் துன்றேன்" என்பார் பெருமையாக. நானும் தலையாட்டினேன் என்பதுதான் வெட்கக்கேடு. அமாவாசை ராத்திரி சோறு கூடாது என்று இட்லி அவித்துச் சாப்பிட்டு, அதையே விரதம் என்று சொல்லிக்கொள்ளும் வீட்டில் பிறந்தவள் நான். வேறெப்படித் தோன்றும்?

ஒருநாள் காலை அடையாறு சிக்னலில் வண்டி நின்றது. "மேடம், முன்னாடி நிக்கிற பஸ்ஸுல இன்னா நம்பர் போட்டுகீது?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"எழுத்தெல்லாம் கலங்கிக்கினு கீது மேடம். கண்ணு போச்சுன்னா ஸ்டீயரிங் போச்சு. எனக்கு வேற இன்னா தெரியும்?"

வண்டியை அங்கேயே பூட்டச் சொன்னேன். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். இட்லி, தோசைக் கணக்கைக் கேட்டு டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மாவாக அரைத்தாலும் அரிசி அரிசிதான், தீட்டிய வெள்ளை அரிசியை வேளைக்கு வேளை குவித்தால் இல்லாதவருக்கே சர்க்கரை வர வாய்ப்பு அதிகம், இருப்பவருக்குக் கேட்கவா வேண்டும் என்றார். கண் இன்னும் கெடவில்லை, சர்க்கரை இறங்கினால் தெளிந்துவிடும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

மறுநாள் மெஸ்ஸில் சாம்பாருக்குக் கொஞ்சம் சோறு வாங்கியதோடு அண்ணனின் இடது கை இலைக்கு மேல் விரிந்தது. பரிமாறுபவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, எங்க மேல கோவமா? ரசத்துக்குச் சோறு வோணாமா?"

"டம்ளர்ல ஊத்து, குடிச்சிக்கிறேன். கூட்டு இன்னும் ரெண்டு கரண்டி வையி."

வாளி பக்கத்து இலைக்குப் போவதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

இட்லி ஆறு மூன்றாயிற்று, தோசை இருந்த இடத்துக்குச் சுண்டல் வந்தது. ஒன்றரை மாதம் அலுவலக நாற்காலியில் முள்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் சரி என்ற அன்று மறுபடி வண்டியை எடுத்தவர், அடையாறிலிருந்து தேனாம்பேட்டை வரை பஸ் நம்பர், கடை போர்டு, சுவர் விளம்பரம் ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுத் திருவான்மியூரில் இருக்கிறார். போன மாதம் என் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது. போனில் சொன்னதுதான் தாமதம், பஸ் ஏறி வந்து அதே மெஸ்ஸுக்கு இழுத்துப் போனார். சாம்பார்ச் சோறு முடிந்து வாளி மறுபடி வந்தது. ரசம் மணந்தது. இன்றைக்கு ஒருநாள்தானே என்று நான் வாயைத் திறப்பதற்குள், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து என் இலைக்கு மேல் விரிந்தது.

"மேடத்துக்கு டம்ளர்ல ஊத்துப்பா."