காணாமல் போனோர்: ஒன்று

புள்ளிவிவர மென்பொருள் போட்டுத் தருகிற அட்டவணையைப் போல அழகில்லாத பொருள் உலகத்தில் குறைவு. சுற்றிலும் தடித்த கோடு, உள்ளே மெலிந்த கோடு, தலைப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்க எண்கள் இன்னொரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். நாம் கேட்காமலேயே நாலு பத்தி எண் கொடுக்கும்: எத்தனை பேர், அது எத்தனை சதவீதம், பதில் சொன்னவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எத்தனை சதவீதம், கடைசியாக மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டே வரும் சதவீதம். இந்தக் கடைசிப் பத்தியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதைப் பற்றிய அட்டவணையில் அது இருக்கட்டும். திருமண நிலைக்கு எதற்கு? மணமானவரையும் விதவையையும் கூட்டி யாருக்கு என்ன தெரியப் போகிறது?

இதையெல்லாம் வெட்டி, இழுத்து, மனிதர் பார்க்கும்படி ஆக்குவதுதான் என் வேலை. இரண்டாயிரத்துகளின் நடுவில், விருதுநகரில், ஒரு கல்லூரி நடத்திய ஆய்வுத் திட்டத்தில் இருந்தேன். அத்தாவுக்கு பஜாரில் மல்லி, வத்தல் வியாபாரம். "கோடு போடவும் கோடு அழிக்கவுமா ஒன்னைய எம்மெஸ்ஸி படிக்க வச்சேன்?" என்று கேட்பார். கேலிதான். கடைக்கு வருகிறவர்களிடம் "மக கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குறா" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறும்.

ஆய்வு, பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் வேனில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது. திட்டத்தின் தலைவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியை, எல்லோருக்கும் மேடம். முழு அறிக்கை அரசாங்கத்துக்குப் போகும் முன் அதன் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து, கணக்கெடுத்த ஊர்களிலேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எந்த அட்டவணையும் ஒரு பக்கத்தில் தொடங்கி மறு பக்கத்தில் முடியக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை.

அந்தக் கட்டளைக்கு அடங்காமல் நின்றது திருமண நிலை அட்டவணை. ஒரே ஒரு ஆள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் போதும், மென்பொருள் அடியில் 'மிஸ்ஸிங்' என்று ஒரு வரிசையைச் சேர்த்து, மொத்தத்தையும் இரண்டாம் தடவை போட்டு வைக்கும். எல்லாரும் பதில் சொல்லிவிட்டால் அந்த வரிசை தானாக வராது. இங்கே மிஸ்ஸிங் ஒன்று. அந்த ஒன்று அடுத்த பக்கத்துக்கு வழிந்துகொண்டிருந்தது.

கணக்கெடுக்கப் போன பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "அந்த அக்கா சொல்ல மாட்டேங்கிறாக. மறுபடியும் போய்க் கேட்டும் பாத்துட்டேன்" என்றாள். வயது, படிப்பு, கூலி, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவருக்கு, கல்யாணம் ஆனதா இல்லையா என்று சொல்வதில் என்ன தடை? எனக்கு எரிச்சலாக இருந்தது. நானே கேட்டுவிடுகிறேன் என்று சிவகாசிக்கு பஸ் ஏறினேன்.

விஸ்வநத்தம் தாண்டி ஒரு கிராமம். போய்ச் சேரும்போது ஆலை வேன் வந்து நின்றது. அந்த அக்கா இறங்கி வந்தார்; கையெல்லாம் மருந்துப் பொடியின் வெள்ளி மினுமினுப்பு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. வாசலில் அவருடைய மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் டீச்சர் என்று முடிவு கட்டி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

கேள்வியைக் கேட்டேன். மாமியார் கீரையிலிருந்து கையை எடுத்தார். மருமகள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"சீசன் நேரம் டீச்சர். தெரிஞ்ச ஆள் கூப்பிட்டாருன்னு வேற ஒரு கம்பெனிக்கு ஒரு நாள் வேலைக்குப் போனாரு. அன்னிக்கின்னு அங்கன வெடிச்சிருச்சு."

ஒரு நாள் வேலைக்குப் போன கணவரின் பெயர் அந்த ஆலையின் வருகைப் பதிவில் இல்லை. கிடைத்த உடல்களை அவரவர் வீட்டார் அடையாளம் சொல்லி எடுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரியிலும் அவர் இல்லை. இவர்கள் கேட்ட இடத்திலெல்லாம், அப்படி ஒருவர் வேலைக்கு வரவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"வரலைன்னுதான தாயி சொல்றாக?" என்று மாமியார் குறுக்கே வந்தார். "எம்மகன் அங்கன போகவே இல்ல. இவகூட சண்டையப் போட்டுக்கிட்டு எங்கயோ வடக்க போயிருக்கான். கோவம் தீந்தா வருவான்."

மருமகள் முந்தானையில் கையைத் துடைத்தார். இது அந்த வீட்டில் தினமும் நடக்கும் பேச்சு என்று தெரிந்தது. மாமியார் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விதவைன்னு சொன்னா இவுக சோறு திங்க மாட்டாக. கல்யாணம் ஆனவன்னு சொன்னா ஆளு எங்கன்னு கேப்பீக. நான் எதச் சொல்ல?"

"பிரிந்து வாழ்பவர்னு ஒண்ணு இருக்குக்கா" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நான் எதுக்குப் பிரியிறேன்? தூக்குவாளியில சோத்த வாங்கிக்கிட்டுப் போனாரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

பதில் இல்லாமலே திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது அந்த அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது. அட்டவணையை எப்படி ஒரே பக்கத்தில் அடக்குவது என்றும் யோசித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் கூட்டுச் சதவீதப் பத்தியைத் தூக்கிவிட்டு, வரிசைகளின் உயரத்தைக் குறைத்ததில் அடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் அடித்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி ஏதோ தெரியும். அதனால் ஆங்கில அட்டவணைகளையே சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினோம், அங்கிருந்த டி.டி.பி. அண்ணன் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் அடித்து அட்டவணையைப் புதிதாகக் கட்டினார். காலண்டர் வேலையில் கைதேர்ந்தவர். என்னைவிட நேராகக் கோடு போடுவார். 'வேலிட்' என்று இருந்ததை, தேர்தல் வேலை பார்த்த பழக்கத்தில், 'செல்லத்தக்கவை' என்று போட்டார். 'மிஸ்ஸிங்' வந்தபோது அவர் யோசித்தே இருக்க மாட்டார். மேலே பட்டாசுத் தொழிலாளர் என்று தலைப்பு, அடியில் மிஸ்ஸிங் என்று வரிசை. எங்கள் பக்கம் ஒரு விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் வரும் கட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம்: இறந்தோர், காயமடைந்தோர், காணாமல் போனோர். அவரும் காணாமல் போனோர் என்று அடித்தார். வேறு ஊர் அச்சகமாக இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

புரூஃப் எங்களுக்கு வந்திருக்க வேண்டும். காலண்டர் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். அச்சடித்த கட்டு நேராகக் கிராமத்துக்கே போய் இறங்கிவிட்டது. நான் அந்தப் புத்தகத்தை முதலில் பார்த்ததே கூட்டத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கட்டடம். மகளிர் குழுத் தலைவி எழுந்து ஒவ்வொரு அட்டவணையாகச் சத்தமாக வாசித்தார். பெண்கள் சிரித்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் கேட்டார்கள். "திருமண நிலை" என்று தொடங்கி, மணமானவர், விதவை, பிரிந்து வாழ்பவர், மணமாகாதவர் எல்லாம் வாசித்துவிட்டு, அதே வேகத்தில், "காணாமல் போனோர் ஒன்று" என்றார்.

சத்தம் நின்றது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அந்த அக்கா எழுந்து நின்றார். அழவில்லை, வேனில் ஏறும்போது பேர் கொடுக்கிற மாதிரி, "அது எங்க வீட்டுக்காரரு" என்றார்.

பக்கத்தில் மாமியார். சண்டை வரும் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர் தலைவியைப் பார்த்து, "இன்னொரு தரம் வாசி" என்றார். தலைவி வாசித்தார்.

"செத்துப்போனவுகன்னு போடலைல்ல?"

"இல்ல பெரியம்மா."

"ஓடிப்போனவுகன்னும் போடலைல்ல?"

"அதும் இல்ல. காணாமப் போனவுகன்னுதான் இருக்கு."

"அப்பச் சரி" என்றார் மாமியார். புத்தகத்தை வாங்கி முந்தியில் சுற்றிக்கொண்டார். கூட்டம் முடிந்து மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டே தெருவில் நடந்து போனதை நான் பார்த்தேன். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் அதுவரை யாரும் கொடுத்திருக்கவில்லை.

மேடம் என் காதருகே குனிந்து, "என்னம்மா இது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு, "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தப்பு தப்புதான். இந்தப் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு நஷ்ட ஈடு கேட்டு அவங்க ஆபீஸ் ஆபீஸாப் போவாங்க. அங்க கேட்டா நாம என்ன சொல்லுவோம்? பதிலளிக்காதவர்னு மாத்து. மாத்துறதுக்கு முன்னாடி நேர்ல போய்ச் சொல்லிடு" என்றார். எனக்கு அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. போகத்தான் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார்கள். மாமியார் பக்கத்துக் கடைக்கு ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கி, என் கையில் பாட்டிலைத் திணித்தார். குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, இது வேலைக்குப் போற பொம்பளைகளோட கணக்கு. ஆம்பளைக யாரும் இதுல வர மாட்டாங்க. ஒருத்தர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலைன்னா, கம்ப்யூட்டர் அவங்களக் காணோம்னு எழுதிரும். அது அதோட பாஷை. பிரஸ்ல அத அப்படியே தமிழ்ல போட்டுட்டாங்க."

அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார்தான் கேட்டார்: "அப்ப இதுல காணாமப் போனது எம்மகன் இல்லையா?"

"இல்லம்மா."

"பெறகு யாரு?"

அக்காவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "நான்தான் அத்தை" என்றார். கொஞ்சம் சிரித்தார்கூட.

மாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மருமகளும் அப்படித்தான் நினைத்திருப்பார், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடுப்படிக்கு எழுந்தார்.

"இரு" என்று மாமியார் அவரை நிறுத்தினார். பிறகு என்னிடம், "தெனமும் கருக்கல்ல எந்திரிச்சு வேன்ல போறா. பொழுதுக்கும் வேலை பாத்துட்டு வந்து எனக்குக் கஞ்சி ஊத்துறா. எங்கண்ணு முன்னால நிக்கிறா. இவளப் போய்க் காணோம்னு எழுதுவியா?" என்று கேட்டார்.

"மாத்திருவோம்மா. பதில் சொல்லாதவங்கன்னு போட்டுருவோம்."

"அதெல்லாம் வேண்டாம். அவ சொல்ல மாட்டா, எனக்காகத்தான் சொல்லாம இருக்கா. நான் சொல்றேன், நீ எழுதிக்க தாயி. எம்மகன் செத்துப்போயிட்டான்."

அந்த அக்கா "அத்தை" என்றார். நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து, விதவை என்ற சொல்லுக்கு எதிரே டிக் அடித்தேன். டிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தும் எட்டிப் பார்த்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேம்மா."

அதற்கப்புறம்தான் அவர் அழத் தொடங்கினார்.