மாமியார் பார்க்கக் கிண்டிய களி

பிலவேந்திரன் தருமபுரியில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். கல்யாணமாகி ஒரு வருடம் வரை, அடுப்பில் அவர் காய்ச்சிய ஒரே பதார்த்தம் கவர் ஒட்டுகிற மைதாப் பசைதான். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கட்டி விழாது.

1967இல் மனைவி ராஜமேரி தலைப்பிரசவத்துக்குக் கோவிலூருக்குப் போனாள். மூன்றாம் நாளே மாமியார் மதலேனம்மாள் கார்டு போட்டார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளைக்குக் களி கிண்டத் தெரிந்தால் திரும்பிவிடுவேன். இல்லையென்றால் அங்கேயே தங்கிப் பொங்கிப் போடுவேன்.

ராஜமேரிக்கு நாள் நெருங்கியிருந்தது. தாயார் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் அங்கே அவளுக்கு யார்? பிலவேந்திரன் ராகி மாவு வாங்கி வந்தார்.

கொதிக்கிற தண்ணீரில் மாவைச் சிறிது சிறிதாகத் தூவி, கை ஓயாமல் கிளறினார். பசைக்கு அதுதான் முறை. கட்டியும் விழவில்லை, உருண்டையும் வரவில்லை. மறுநாள் காலையில் தட்டைத் தூக்கினால், வழிந்து காய்ந்த களியில் ஒட்டிக்கொண்டு அடியிலிருந்த பலகையும் கூடவே வந்தது.

பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "எலெக்சன் முடிஞ்சி போச்சே, இன்னும் யாருக்குங்கண்ணா நோட்டீஸ் ஒட்டறீங்க?"

"சிரிக்காம சொல்லும்மா. மாமியா வருது."

"மொதல்ல நொய்யரிசி கொழைய வேகணும். அப்புறம் மாவ மொத்தமாக் கொட்டுங்க. கையி துறுதுறுன்னாலும் கிண்டாதீங்க. நடுவுல கோல வுட்டு ஓட்ட போட்டு, தீயக் கொறச்சி மூடிடுங்க. மாவு வாசன போனதும் எறக்கி வச்சிக் கிண்டுங்க."

"எறக்குனா சட்டி சுத்துமே?"

"சாக்கப் போட்டு ரெண்டு காலாலயும் அமுக்கிப் புடிங்க."

ஞாயிற்றுக்கிழமை மாமியார் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, சட்டியைக் காலால் இடுக்கி, துடுப்பைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலில் ஆபீஸ் செருப்பு.

"சேசுவே! செருப்போடயா மாப்ள?"

"கழுவிட்டேனுங்க அத்த. காலு சுடுது."

"கழட்ட வாணாம், கிண்டுங்க! ஆறுனா எறுகிடும்."

தண்ணீரில் கையை நனைத்து மாமியாரே ஓர் உருண்டை பிடித்தார். பிட்டுப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக மாவு.

"இதுல ஒண்ணு. இதுல ரெண்டு. இதுல மூணு. ஆறு கட்டி இருக்குதுங்க."

"கட்டியோட தின்னுக்கறேன் அத்த. நீங்க அவகிட்டப் போங்க."

மதலேனம்மாள் ஒரு கட்டியை மென்று விழுங்கிவிட்டுச் சற்றுநேரம் தன் வயிற்றையே கவனித்தார்.

"வலிச்சா ஓமத் தண்ணி குடிங்க. சாவ மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு, ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் கார்டு வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம், மூன்று மாதம் கழித்துத்தான் அனுப்புவோம். அதுவரை கிண்டிக்கொண்டிருக்கவும்.