கோபுர ஜன்னலை மறைத்த மரம்

பிரிஸ்கில்லா கிளியூர்க்காரர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியே இரண்டு பெண்களைக் கரைசேர்த்தவர். அவர் எழுதினால் ஒரு எழுத்துகூடக் கோணாது என்று ஏற்காட்டில் பேர். கோட்டை பங்களாவின் முதலாளியம்மா, "மழை ஓய்ஞ்சதும் தோட்டம் எப்படி இருக்குமோ அப்படியே வரைஞ்சு குடுங்க" என்று கேட்டபோது, ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகப் படம் வரைய உட்கார்ந்தார்.

இரண்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. கேட்டருகே சிமெண்டு பெஞ்சு. எதிரே, சரிவில், ஈரம் சொட்டும் தோட்டம். அதற்குப் பின்னால் கல் கோபுரம். கோபுர ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம்.

மூன்றாம் நாள் காலை, விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பிரஷ்ஷை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தார். மரம் ஜன்னலைப் பாதி மறைத்து நின்றது. படத்திலோ ஜன்னல் முழுசாகத் தெரிந்தது.

தப்பாகப் போட்டுவிட்டோமா? பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்தார். கோபுரம் சரி. படிக்கட்டு சரி. மரம்தான் சாய்ந்திருந்தது. அதைத் தாங்கும் கல் சுவரின் விளிம்பும் கூடவே கோணியிருந்தது. சுவருக்குக் கீழே எஸ்டேட் கூலியாள் மருதாயியும் இன்னும் மூன்று பெண்களும் குனிந்து வாய்க்கால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வேலையை மேற்பார்த்து நின்ற, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேலிடம் மரமும் சுவரும் சாய்ந்திருப்பதைச் சொன்னார்.

"ஏனுங்க அக்கா, படத்தைத் தப்பாப் போட்டுப்போட்டு மரத்தைக் குத்தம் சொல்றீங்க. வெள்ளைக்காரன் கட்டுன சுவருங்க அது."

"என் கை தப்பாது தம்பி. கீழே இருக்கறவங்களை மேலே வரச் சொல்லுங்க."

"பாதியில நிறுத்துனா முதலாளியம்மாவுக்கு நான்தானுங்க பதில் சொல்லோணும்."

பிரிஸ்கில்லா செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினார். கால் வழுக்கியது. ரோஜாச் செடியைப் பற்றியதில் உள்ளங்கை கிழிந்தது.

"மருதாயி, மேலே வா. எல்லாரும் வாங்க."

"இன்னும் நாலு கூடைதானுங்க" என்றாள் மருதாயி.

பிரிஸ்கில்லா அவள் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். இவருக்கு என்ன ஆச்சு என்று முணுமுணுத்தபடி மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள்.

பெஞ்சை எட்டி மூச்சுகூட வாங்கவில்லை, கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது. சுவர் வயிறு புடைத்து, மரத்தோடு வாய்க்காலில் சரிந்தது.

பொன்னுவேல் நான்கு பேரையும் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மருதாயி, பிரிஸ்கில்லாவின் ரத்தம் வழிந்த கையைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் முதலாளியம்மா, "மரத்தோடவே முடிச்சுடுங்க, நொம்ப அழகா இருந்துச்சு" என்றார். பிரிஸ்கில்லா தலையாட்டினார். ஆனால் உட்கார்ந்ததும் மரத்தின் மேல் வெள்ளை பூசி, அங்கே சரிந்த செம்மண்ணையும் சிதறிய கற்களையும் வரைந்தார். வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதலாளியம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சுங்களா?"

"இப்படித்தானுங்க."

படத்தை ஹாலில் மாட்டச் சொன்னார்.