பாலத்துக்கு அந்தப் பக்கம் போன பைல்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிள் ஓடியது பொழுதுபோக்குக்கு அல்ல. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, அதனால் ஓடினோம். பள்ளிக்கூடம், சங்கக்கடை, செத்தவீடு எல்லாம் சைக்கிளில்தான். இடம்பெயர்ந்ததும் அதே சைக்கிளில், கரியரில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டுதான். ஆகவே ஜெர்மனிக்கு வந்த ஏழாவது மாதம் கணவர் ஒரு கடித உறையை மேசையில் வைத்து, "ஐஞ்சு நாள் சைக்கிள் ஹொலிடே" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சைக்கிள் ஓட லீவு எடுக்கிற சனமும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் பதில் சொன்னார்.

அந்த விடுமுறை எங்களுக்கென்று போட்டதும் அல்ல. ஹம் நகரத்தில் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் தனக்கும் மனைவிக்கும் பதிந்து வைத்திருந்தது. மனைவி மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொள்ள, புதிதாகக் கல்யாணம் கட்டியவன் நீ போ என்று இவரிடம் கொடுத்துவிட்டார். ரைன் ஆற்றின் ஜெர்மன் கரையில் பிறைசாக் என்ற சின்ன நகரத்தில் முதல் இரவு. மறுநாள் பாலத்தைக் கடந்து பிரான்சுக்குள் போய், நூற்றாண்டுக் கணக்காக வைன் வடிக்கிற அல்சாஸ் கிராமங்களுக்குள்ளால் ஆறுதலாக ஓட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிராமம். பெட்டிகளைச் சுமக்கத் தேவையில்லை. காலையில் ஒரு வான் வந்து ஏற்றிக்கொண்டு போய் அடுத்த ஹோட்டலில் இறக்கிவிடும்.

கல்யாணம் புதிதுதான். ஆனால் பேசி முடித்தது பதினொரு வருடத்துக்கு முன்பு, எனக்கு இருபத்தைந்து வயதில். அதற்கு முன்பே அவர் ஜெர்மனிக்கு வந்திருந்தார். அகதி வழக்கு தள்ளுபடியாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக் கொடுக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் காலத்தை ஓட்டினார். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு பெண்சாதியைக் கூப்பிட முடியாது. அவருக்கு விசா கிடைத்து நான் வந்து இறங்கியபோது எனக்கு முப்பத்தாறு. விமான நிலையத்தில் நின்றவரை அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரே வீடு. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், உப்புக் காணாது என்பார். அடிக்கிறவரல்ல, குடிக்கிறவரல்ல. பஸ் தரிப்பில் பக்கத்தில் நிற்கிற ஆளோடு குடும்பம் நடத்துவது போல இருந்தது.

ஊரில் அப்போது சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்தது. அக்கா தனியாக வீட்டில் இருந்தாள். புறப்படுவதற்கு முன் அவளுக்கு எழுதினேன்: "இந்த ஐந்து நாளுக்குள் இந்த மனிசன் என்னோடு வாய் திறந்து கதைத்தால் இங்கே இருப்பேன். இல்லாவிட்டால் திரும்பி வருகிறேன். என் அறையை ஒதுக்கி வை." விளையாட்டுக்கு எழுதியதல்ல. அன்றே தபாலில் போட்டேன்.

பிறைசாக்கில் விடிந்ததும் ஹோட்டல் வாசலில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஏறினேன், நன்றாகத்தான் ஓடினேன். சின்ன இறக்கத்தில், எங்கள் ஊர்ப் பெட்டைகள் எல்லோரும் செய்வதுபோல, பெடலைப் பின்பக்கமாகச் சும்மா சுற்றினேன். எங்கள் சைக்கிளில் அது கிறீச் கிறீச்சென்று சுற்றும், ஒன்றும் ஆகாது. ஜெர்மன் சைக்கிளில் அதுதான் பிறேக் என்று எனக்கு யார் சொன்னது? சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹோட்டல் முழுவதும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தது. முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது. அவர் வந்து சைக்கிளை நிமிர்த்தி, ஹாண்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். "கவனம்" என்றார். முதல் நாளே எழும்பிய எரிச்சலை விழுங்கிக்கொண்டேன். இன்னும் நாள் இருக்கிறதே.

பாலம் ஹோட்டலில் இருந்து கூப்பிடு தூரம். நான் முன்னுக்கு ஓடினேன். பாலம் தொடங்கும் இடத்தில் திரும்பிப் பார்த்தால் அவரைக் காணவில்லை. நூறு மீற்றர் பின்னால் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு கையாலும் சேர்ட் பொக்கற்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பைல் சூட்கேசுக்கை" என்றார்.

"எந்தப் பைல்?"

"பாஸ்போட், விசா, எல்லாம். உம்மடையும் அதுக்கைதான்."

அந்த நீலப் பைலை எனக்குத் தெரியும். ஒருமுறை மழையில் சேர்ட் பொக்கற்றில் இருந்த கடதாசி நனைந்து எழுத்தழிந்து, ஒரு மாதம் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டிலும் அது பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டு, சூட்கேசின் அடியில், பெனியன்களுக்குக் கீழே, பூட்டோடு இருக்கும். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நகையை அலுமாரியில் எறிந்துவிட்டுக் கடதாசிக்குப் பூட்டுப் போடுவார்கள். முதல் நாள் ஹோட்டலில் பாஸ்போட்டைக் காட்டிவிட்டு உடனே உள்ளே வைத்துப் பூட்டினார். காலையில் வான்காரனிடம் சூட்கேசைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவர், அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பிப் போய்க் கேட்டோம். வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். வான் அந்தப் பக்கம் போய்விட்டது, அந்தப் பாலத்தில் யாரும் நிற்பதில்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை, சும்மா ஓடிப் போங்கள் என்றாள். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனுக்கே அது விளங்கியது. அவருக்கு விளங்காமலா?

வெளியே வந்து ஆற்றைப் பார்த்த மர வாங்கு ஒன்றில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். என்னிடம் என்றில்லாமல், ஆற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"இப்பிடித்தான் எனக்கும் சொன்னவங்கள்."

"ஆர்?"

"வந்த புதுசிலை பாரிசிலை மச்சான் இருந்தவர். அவரிட்டைப் போவமெண்டு வெளிக்கிட்டன். பாலத்திலை ஒருத்தரும் நிக்கமாட்டினம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். நடுப்பாலத்திலை பிடிச்சவங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன, கொண்டந்து ஹம்மிலை விட்டவங்கள். மாவட்டத்தை விட்டு வெளிக்கிட்டா மறியலிலை போடுவம் எண்டு எழுதித் தந்தவங்கள். உம்மைக் கூட்ட எயார்போட்டுக்கு வந்ததைத் தவிர நான் பிறகு ஒரு இடமும் போகேல்லை."

"ஒரு இடமும்?"

"டோட்முண்டுக்கும் போகேல்லை."

டோட்முண்ட் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. அவர் சொன்னது துன்பக் கதை. எனக்கு வந்ததோ சந்தோசம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் மறைக்க என்ன இருக்கிறது? ஏழு மாதத்தில் அவர் என்னிடம் சேர்த்துச் சொன்ன வார்த்தைகளைவிட அந்த ஐந்து நிமிடத்தில் சொன்னது கூடுதல். வாய் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். அக்கா அறையை ஒதுக்கத் தேவையில்லை என்றும் நினைத்தேன்.

பைல் இல்லாமல் அவரால் முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கு ரயில் ஏறவும் முடியாது. "நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

"உமக்கும் பேப்பர் இல்லை."

"பிடிச்சா என்ன, ஹம்மிலைதானே கொண்டந்து விடுவினம்."

அவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்திலிருந்து சூட்கேஸ் சாவியைக் கழற்றித் தந்தார். அதுவரை அந்தச் சாவியை நான் தொட்டதில்லை.

பாலத்தில் ஏறியதும் என்னை அறியாமலே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டத் தொடங்கினேன். ஊரில் ஆமியின் சென்றிப் பொயின்றைக் கண்டால் இறங்கி நடக்க வேண்டும், ஓடிக்கொண்டு போனால் சுடுவார்கள். இங்கே பழைய காவல் கொட்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது. கண்ணாடியில் தூசி. என்னைக் கடந்து போன கிழவர் ஒருவர் வணக்கம் சொல்லிவிட்டு ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு போனார். பாலம் முடியும் மட்டும் நான் உருட்டிக்கொண்டுதான் போனேன்.

பிறகு மூன்று மணித்தியாலம் ஓடினேன். கொல்மார் என்ற நகரத்தைத் தாண்டினால் மலையடிவாரம் முழுவதும் வைனுக்கு வளர்க்கிற முந்திரிகைத் தோட்டம். ஊரில் நாங்கள் முந்திரிகைக்குப் பந்தல் போடுவோம், கீழே பாய் போட்டுப் படுக்கலாம். இங்கே ஆள் உயரத்துக்குக் கம்பி கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், ஒதுங்க நிழல் இல்லை. ஆனாலும் வடிவு. கல் பாவிய தெருக்கள், வீட்டுக்கு வீடு பூச்சட்டி, வாசலில் பீப்பாவைக் கவிழ்த்து அதையே மேசையாக்கிக் குடித்துக்கொண்டிருந்த ஆட்கள். முழங்கால் வலித்தது. நான் மனதுக்குள் அவரோடு கதைத்துக்கொண்டே ஓடினேன். பின்னேரம் இரண்டு பேருமாக இதே வழியால் வருவோம், இந்தத் திருப்பத்தில் இறங்கித் தண்ணீர் குடிப்போம், மிச்சக் கதையையும் கேட்பேன் என்று எனக்குள் ஒரு கணக்கு.

அன்றிரவு தங்க வேண்டிய ஹோட்டலின் அறையில் எங்கள் சூட்கேஸ் கட்டிலடியில் இருந்தது. பெனியன்களைக் கிளறிப் பைலை எடுத்தேன். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும், பொழுதுபட வந்துவிடுவோம் என்று பூட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உடனே திரும்பினேன்.

அவர் அதே வாங்கில், அதே இடத்தில் இருந்தார். வெயில் சாய்ந்துவிட்டது. ஒன்றும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பைலை நீட்டினேன். வாங்கி, மடியில் வைத்து, ஒவ்வொரு கடதாசியாக விரலால் தள்ளிப் பார்த்தார். பாஸ்போட் இரண்டையும் திறந்து விசா ஒட்டிய பக்கத்தைப் பார்த்தார். என் முழங்காலில் இரத்தம் வழிந்து சப்பாத்துவரைக்கும் காய்ந்திருந்தது. அவர் பைலை மூடினார்.

"எல்லாம் இருக்கு" என்றார்.

"அப்ப வாங்கோ, இருட்ட முந்திப் போயிடலாம்."

"இல்லை. வீட்டை போவம்."

"இஞ்சேருங்கோ, பேப்பர் கையிலை இருக்கு. இனி ஆர் மறிக்கிறது?"

"எனக்கு ஏலாது. வீட்டை போவம்."

"சூட்கேஸ்?"

"அனுப்பச் சொல்லுவம். உடுப்புத்தானே."

நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடிய களைப்பில் அதற்குத் தெம்பு இல்லை. சைக்கிள்களை ஹோட்டலில் விட்டுவிட்டு ஸ்டேசனுக்கு நடந்தோம். மேடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவர், ரயில் வருகிற பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீர் திரும்பி வரமாட்டீர் எண்டு நினைச்சன்."

"வராட்டி என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டேன். கேட்கும்போதே கெஞ்சினேன் என்று நினைக்கிறேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"ஒண்டும் செய்திருக்க மாட்டன். வீட்டை போய், லீவை வெட்டிப்போட்டு, வேலைக்குப் போயிருப்பன்."

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், அடுத்த விமானத்திலேயே அக்காவிடம் போயிருப்பேன். பதினொரு வருடமும் நான் காத்திருந்தது அவருக்காக. அவர் காத்திருந்தது விசாவுக்காக. விசா கிடைத்தபோது அதை வைத்துக்கொண்டு போக அவருக்கு ஒரு இடமும் இருக்கவில்லை, வரச் சொல்ல ஒரு ஆளும் இருக்கவில்லை. நான் வந்தது அவர் கேட்டதால் அல்ல, முன்பு எப்போதோ பேசி முடித்திருந்ததால்.

ரயில் வந்தது. அவர் ஏறி, ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுவிட்டு, பைலை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார். அடுத்த நாள் விடியற்காலை வேலைக்குப் போனார். வாய் திறந்து கதைத்தால் இருப்பேன் என்று நான்தானே எழுதியிருந்தேன், கதைத்துவிட்டாரே. நான் அக்காவுக்கு, சைக்கிள் பயணம் நன்றாக இருந்தது, இடம் நல்ல வடிவு, நான் வரவில்லை, அறையை நீயே பாவித்துக்கொள் என்று எழுதினேன்.